பாலத்துக்கு அப்பால் ஒரு திரை

ஜொகூர் பாருவில் திரையரங்குகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஈரானியப் படம், பழைய ஜப்பானியப் படம் என்றால் நான் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூர் பீச் ரோட்டுக்குத்தான் போவேன். அங்கே, கோல்டன் மைல் டவரில் 1973இல் திறந்த கோல்டன் திரையரங்கில், 2014 முதல் இயங்கியது ‘தி புரொஜெக்டர்’. பழைய மடக்கு நாற்காலிகளையும் விட்டு வைத்திருந்தார்கள். வசூலை மட்டும் பார்த்துப் படம் போடாத இடம் அது. படம் முடிந்தால் முன்பின் தெரியாதவர்களும் அதைப் பற்றிப் பேசியபடி வெளியே வருவார்கள்.

செலவு ஏறியது, மக்களின் பார்க்கும் பழக்கமும் மாறியது. 2025 ஆகஸ்டில் அது மூடப்பட்டது.

மாணவர்களே, நல்ல படம் கைப்பேசியிலும் கிடைக்கும். கூடிப் பார்த்து விவாதிக்கும் கூட்டம் அதில் கிடைக்காது. உங்கள் கல்லூரியில் மாதம் ஒரு படமாவது சேர்ந்து பாருங்கள்.