மாணவர் பாராளுமன்றத்தில் வெளிநாட்டுக் கொள்கை: பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துவது?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ மாணவர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியரா நீங்கள்? குடிநீர், நூலகம், மைதானம் என்று பேசிப் பழகிய பிள்ளைகளை ஓர் அமர்விலாவது வெளிநாட்டுக் கொள்கை (பிற நாடுகளோடு நம் நாடு எப்படி நடந்துகொள்வது என்ற தீர்மானம்) பற்றிப் பேச வையுங்கள்.

அது கொழும்புக்காரர் விஷயம் இல்லையா? இல்லை. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதன் பின்னே வந்த கடலரிப்பை நம் மீனவக் குடும்பங்களிடம் கேளுங்கள். சுனாமியில் வீடிழந்தோருக்காக நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் ஆண்டுக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்தன. வாப்பாவோ உம்மாவோ வளைகுடாவில் உழைக்கும் பிள்ளை இல்லாத வகுப்பும் நம் கரையில் அரிது.

எந்தப் பிரேரணையை (சபை முடிவெடுக்க முன்வைக்கும் யோசனையை) எடுப்பது? ‘பலஸ்தீனை ஆதரிப்போம்’ என்று வைத்தால் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள், விவாதம் நடக்காது. ‘இஸ்ரேலுக்குத் தொழிலாளர் அனுப்புவதை அரசாங்கம் நிறுத்த வேண்டும்’ என்று வையுங்கள். இலங்கை 1988இலேயே பலஸ்தீன அரசை ஏற்றுக்கொண்ட நாடு. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடும் அதுதான். காஸா யுத்தம் தொடங்கிய பிறகும் இங்கிருந்து ஆட்கள் விவசாய வேலைக்கும் கட்டட வேலைக்கும் இஸ்ரேல் போனார்கள். டொலரா, கொள்கையா என்ற உண்மையான இழுபறி இதில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் அரசாங்கத் தரப்பை எப்படிப் பேசுவார்கள்? இந்தக் கேள்விதான் முக்கியம். மிகச் சூடாக எதிர்க்கும் பிள்ளையையே அமைச்சராக்குங்கள். 1984இல் கொழும்பில் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு (முழுத் தூதரகம் இல்லாத சிறு அலுவலகம்) திறக்கப்பட்டபோது நம் வெளிநாட்டமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத், ஒரு முஸ்லிம். உள்நாட்டு யுத்தத்துக்கு இராணுவ உதவி தேடியது அன்றைய அரசாங்கம். முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அந்தப் பிரிவை மூடினார். 2000இல் உறவு மீண்டும் தொடங்கியது. ஹமீதின் நாற்காலியில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். எதிராளியின் காரணம் தெரியாதவரின் எதிர்ப்புக்குப் பலமில்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோர் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? கோபிக்கலாம். ஆகவே அதிபருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: இது ஏற்றுக்கொண்ட பாத்திரம், பிள்ளையின் சொந்த நிலைப்பாடு அல்ல. அமர்வின் தொடக்கத்தில் சபாநாயகரும் இதை அறிவிக்கட்டும். முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றிவிட்டுத் தம் மனதில் பட்டதைப் பேச எல்லாருக்கும் நேரம் கொடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள்.

பேச்சை எப்படி எழுத வைப்பது? நம் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும். சபைப் பேச்சு வேறு. ‘உலகமே விழித்தெழு’ என்று முடித்தால் அமைச்சர் பதில் சொல்ல எதுவுமில்லை. தூதுவரை நியமிப்பவர் ஜனாதிபதி, பாராளுமன்றம் அல்ல. பாராளுமன்றத்தால் முடிவது கேள்வி கேட்பது, ஒத்திவைப்புவேளைப் பிரேரணை (சபையை ஒத்திவைக்கும் வேளையில் ஒரு விஷயத்தை விவாதிக்க வைக்கும் பிரேரணை) கொண்டுவருவது, அமைச்சின் செலவை வாக்களித்து ஏற்பது அல்லது மறுப்பது. ஆகவே ஒவ்வொரு பேச்சும் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கட்டும்: ‘தொழிலாளர் அனுப்பும் ஒப்பந்தத்தைச் சபையில் சமர்ப்பியுங்கள்’, ‘அங்கே இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு யார் இழப்பீடு தருவார் என்று சொல்லுங்கள்’.

மாதிரிக்கு எங்கே போவது? ஹன்சாட்டைப் (சபையில் பேசியதன் பதிவை) பாருங்கள். உறுப்பினர் பேசிய மொழியிலேயே அது அச்சாகிறது. நம் பகுதி உறுப்பினர்களின் தமிழ்ப் பேச்சுகள் அதில் கிடைக்கும். குறுக்கீடு வரும் பக்கங்களைப் பிள்ளைகள் பாத்திரம் பிரித்து உரக்க வாசிக்கட்டும். மனப்பாடம் செய்த பேச்சு முதல் குறுக்கீட்டிலேயே நின்றுவிடும் என்பது அப்போதே புரியும்.

கடைசியில் பெயர் கூப்பிட்டு வாக்கெடுங்கள். இரண்டு பிள்ளைகளை ஹன்சாட் எழுத அமர்த்துங்கள். அதன் பிரதியை உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பி, பதில் கேளுங்கள்.