சுவாசக் குழாயின் கஃப் பலூன்: அழுத்தத்தை அளப்பது ஏன் அவசியம்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் போன்ற ஊர்களில், இரவில் தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் பாம்பு கடிப்பதுண்டு. அதன் நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அந்நிலையில் நோயாளியின் வாய் வழியாகச் சுவாசக் குழாய் செலுத்தப்பட்டு, வெண்டிலேட்டர் மூலம் மூச்சு அளிக்கப்படுகிறது. உரிய சிகிச்சை கிடைத்தால், சில நாள்களில் தசைகள் மீண்டு நோயாளி முழு நலம் பெற இயலும். பூச்சிக்கொல்லி நஞ்சு, தலைக்காயம், கடும் நிமோனியா ஆகியவற்றிலும் இச்சிகிச்சை தேவைப்படலாம். உயிர் காக்கும் இக்குழாயே மூச்சுக்குழலைப் புண்ணாக்கிவிடாதிருக்க, அதிலுள்ள சிறு பலூனின் அழுத்தம் சரியாக இருக்க வேண்டும்.

கஃப் என்றால் என்ன?

சுவாசக் குழாயின் உள்முனையைச் சுற்றியுள்ள பலூனே கஃப் ஆகும். காற்று நிரப்பியதும் இது மூச்சுக்குழலின் சுவரோடு பொருந்தி, இரண்டு பணிகளைச் செய்கிறது: வெண்டிலேட்டர் செலுத்தும் காற்று வெளியே கசியாமல் தடுக்கிறது, எச்சிலும் இரைப்பை நீரும் நுரையீரலுக்குள் இறங்குவதைக் குறைக்கிறது. கஃப்பிலிருந்து வரும் மெல்லிய குழலின் நுனியில், நோயாளியின் வாய்க்கு வெளியே, மற்றொரு சிறு பலூன் தொங்குவதை நீங்கள் காணலாம்.

சரியான அழுத்தம் எவ்வளவு?

பெரியவர்களுக்குப் பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல் உயரத்திற்கு, அதாவது 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால், அதன் அடியில் உள்ள அழுத்தமே இதன் மேல் எல்லை.

• அழுத்தம் குறைந்தால், கிருமிகள் கலந்த எச்சில் நுரையீரலுக்குள் கசிந்து நிமோனியா ஏற்படலாம்.
• அழுத்தம் மிகுந்தால், மூச்சுக்குழலின் உட்சுவருக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும். அது நீடித்தால் அவ்விடம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு ஏற்பட்டு, மூச்சுப்பாதை சுருங்கக்கூடும்.

எவ்வாறு அளக்கப்படுகிறது?

வெளியில் உள்ள பலூனை விரலால் அழுத்திப் பார்ப்பது நம்பத்தக்க முறையன்று. அனுபவம் மிக்கவரின் கணிப்பும் தவறக்கூடும். எனவே அழுத்தமானியை இணைத்து அளவு பார்த்து, தேவைக்கேற்பக் காற்று கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். நேரம் செல்லச் செல்லக் காற்று சிறிது கசியும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதாலும் குழாய் நகர்வதாலும் அழுத்தம் மாறும். ஆகவே ஒருமுறை அளந்தால் போதாது. ஒவ்வொரு பணிமுறையிலும், நோயாளியை இடம் மாற்றிய பின்னரும் அளப்பது நல்லது.

உறவினர்கள் கவனிக்க வேண்டியவை

• வெளியில் உள்ள சிறு பலூனையும் அதன் குழலையும் தொடவோ இழுக்கவோ கூடாது.
• குழாய் உள்ளவரை நோயாளியால் பேச இயலாது. திடீரெனக் குரல் அல்லது களகளவென்ற ஒலி கேட்டால், காற்று கசியலாம் அல்லது குழாய் நகர்ந்திருக்கலாம். உடனே செவிலியரிடம் தெரிவிக்கவும்.
• தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட கட்டிலை நீங்களாகத் தாழ்த்த வேண்டாம். எச்சில் இறங்குவதைத் தடுக்கவே அவ்வாறு வைக்கப்பட்டுள்ளது.
• கஃப் அழுத்தம் எப்போது அளக்கப்பட்டது எனத் தயங்காமல் கேட்கலாம்.

வீடு திரும்பிய பிறகு

மூச்சுக்குழல் சுருக்கம், குழாய் அகற்றிய சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம். நடக்கும்போது மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது கீச்சொலி, சளியை வெளியேற்ற இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். இதனை ஆஸ்துமா எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. எனவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், "வெண்டிலேட்டரில் இருந்தேன்" என்பதை முதலில் கூறி, மருத்துவமனை விடுப்புச் சீட்டைக் காட்டவும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் பரிசோதனையில் சுருக்கத்தைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்க இயலும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறினால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.