உடைந்த வளையல் தோரணம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் தெற்கே போனால், பாலாற்றங்கரையை ஒட்டி ஓரிக்கை வருகிறது. திருமழிசையாழ்வார் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஓரிரவு தங்கிய இடம் இதுதான் என்பது ஐதீகம். 'ஓரிரவிருக்கை' தேய்ந்து ஓரிக்கை ஆயிற்றாம். 2011-இல் கும்பாபிஷேகம் நடந்த மகா பெரியவர் மணிமண்டபத்தைக் காண இப்போது வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நான் போனது ஆழ்வாருக்காகவும் அல்ல, மண்டபத்துக்காகவும் அல்ல. ஒரு நெசவாளர் வீட்டு நிலைப்படியில் தொங்கும் தோரணத்தைப் பார்க்க!

மாவிலைத் தோரணம் அல்ல; வளையல் தோரணம். பச்சை, நீலம், மஞ்சள், ஊதா என்று உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, பத்துப் பன்னிரண்டு சரங்களாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு துண்டு இன்னொரு துண்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. காற்று வீசினால் 'கலகல'வென்று ஓர் ஓசை. உள்ளேயிருந்து வரும் தறிச் சத்தத்துக்கு அது பக்க மேளம்.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். வாசகர்களில் பலர் சின்ன வயதில் வளையல் துண்டுகளைக் குவித்து, மற்றவை அசையாமல் ஒன்றை மட்டும் எடுக்கும் ஆட்டம் ஆடியிருப்பீர்கள். அந்தத் துண்டுகளுக்கு அடுத்த ஜன்மம் இந்தத் தோரணம்.

"எப்படி ஆயா செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"உக்காரு தம்பி, சொல்றேன்" என்று ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். டப்பா நிறையத் துண்டுகள். மெழுகுவர்த்தியை ஏற்றினார். அரை வட்டத் துண்டு ஒன்றின் ஒரு முனையைச் சாமணத்தால் பிடித்து, மறு முனையைச் சுடரில் காட்டினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த முனை மெல்ல மெல்லத் தலை குனிந்தது. அது வளையும்போதே ஏற்கெனவே செய்திருந்த வளையத்தை அதில் மாட்டி, பழைய கரண்டிக் காம்பால் ஒரு தள்ளு, கொக்கி மூடிக்கொண்டது. கரியைத் துணியால் துடைத்தார். அவ்வளவுதான்!

பனிக்கட்டி குறிப்பிட்ட ஒரு சூட்டில் நீராகிவிடும். கண்ணாடி அப்படியல்ல. வெல்லப்பாகு மாதிரி, சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வளையல் மெல்லியதாக இருப்பதால் மெழுகுவர்த்திச் சுடரே போதும். கண்ணாடி சூட்டைச் சட்டென்று கடத்தாது. ஆகவே ஒரு முனை சிவந்திருக்கையில் மறு முனையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் 'பட்'டென்று சிதறும். தானாகவே ஆற வேண்டும். குழந்தைகள் தனியே செய்யக் கூடாத வேலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுடரில் எந்த இடத்தில் பிடிப்பது என்பதில்தான் கைத்திறமை. மஞ்சள் நாக்குக்குள் விட்டால் கரி அப்பிக்கொள்ளும். நுனிக்குச் சற்று மேலே பிடித்தால் சூடும் அதிகம், கரியும் குறைவு. இந்த சயன்ஸ் ஆயாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதே தொழிலைப் பெரிய அளவில் காண வேண்டுமானால் ஆக்ராவுக்குப் பக்கத்திலுள்ள பிரோஸாபாத்துக்குப் போக வேண்டும். நம் கடைவீதிக் கண்ணாடி வளையல்களில் பெரும்பாலானவை அந்த ஊர்ச் சரக்கு. உருகிய கண்ணாடியை உருளையில் கம்பிச் சுருள் போலச் சுற்றி எடுத்து, நெடுக வெட்டினால் வாய் பிளந்த வளையங்கள் கிடைக்கும். அந்த வாயை ஒட்டுவது வீடுகளில், சிறு சுடருக்கு முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் வேலை. நாம் அணியும் ஒவ்வொரு வளையலிலும் உற்றுப் பார்த்தால் அந்த ஒட்டு தெரியும். அங்கே உடைசலை யாரும் வீசுவதில்லை. மறுபடி உலைக்கே போகிறது. உலையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உடைசல் சேர்த்தால், எரிபொருளில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் வரை மிச்சமாகும்.

புது யோசனையும் அல்ல இது. துருக்கிக் கரையோரம் சேர்ச்சே லிமானி என்ற இடத்தில், சுமார் 1025-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் மூழ்கியது. 1977 முதல் 1979 வரை கடலடியில் ஆராய்ந்தபோது, அதில் மூன்று டன் கண்ணாடி இருந்தது தெரியவந்தது. உருக்கி வார்ப்பதற்கென்றே ஏற்றிய சரக்கு! அதில் ஒரு பகுதி உடைந்த பாத்திரங்கள். ராஜேந்திர சோழன் கங்கைக்குப் படை அனுப்பிய காலத்தில், அங்கே ஒரு வியாபாரி உடைசலைக் கப்பலேற்றியிருக்கிறான்.

காஞ்சிக்கும் இது அந்நியமான புத்தி அல்ல. பழைய பட்டுப்புடவையை வாங்கி ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பவர்கள் நிறைந்த ஊர். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதில் இந்த ஆயாவின் விரல்கள் ஐம்பது வருஷம் தேய்ந்திருக்கின்றன.

தோரணத்தின் கடைசிச் சரம் மட்டும் முழுக்கக் கருஞ்சிவப்பு. "அது என்ன ஆயா, தனியாக?" என்றேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றிற்று.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் கணவர் காலமானபோது, வழக்கப்படி உறவுப் பெண்கள் ஆயாவின் கை வளையல்களை உடைத்தார்கள். துண்டுகளைக் கூட்டி எறிந்துவிடச் சொன்னார்கள். ஆயா எறியவில்லை. "அவரு வாங்கித் தந்தது தம்பி. உடைச்சவங்க உடைச்சாங்க. நான் ஏன் எறியணும்?" என்றார். ஆறு மாதம் கழித்து அவற்றைச் சுடரில் காட்டி நிலைப்படியில் மாட்டினார். அமங்கலம் என்று தெருவே பேசியது. இரண்டு வீட்டார் வாசற்படி மிதிக்கவில்லை.

ஊர் வழக்கத்தை நான் பழிக்க வரவில்லை. ஆனால் இந்த வழக்கம் ஒன்றைக் கைவிட்டால் எதுவும் குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவனை இழந்த பெண்ணின் வளையலை உடைக்கும் வழக்கத்தையும் அதுபோன்ற சடங்குகளையும் நிறுத்த 2022 மே மாதத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பல வருஷம் முன்பே இந்த ஓரிக்கை வீட்டில், தீர்மானம் எதுவும் இல்லாமல், ஒரு மெழுகுவர்த்தி காரியத்தை முடித்திருக்கிறது.

இப்போது பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் அந்தச் சிவப்புச் சரத்தை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்கிறார் மருமகள். அவர் கெட்டவர் அல்ல. பெண்ணைப் பெற்றவர், பயப்படுகிறார். ஆயா வாய் திறக்கவில்லை. கழற்றினால் கழற்றட்டும் என்பது போல டப்பாவை மூடப் போனார்.

பேத்தி தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தாள். டப்பாவைத் துழாவி, மிச்சமிருந்த சிவப்புத் துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். அணையாமலிருந்த சுடரின் முன் உட்கார்ந்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் மேலே பிடி பாப்பா, கரி பிடிக்குது" என்றார் ஆயா.