பால் கடையா, அரண்மனையா?

தெருவில் நின்று பார்த்தால் சாதாரண மாடிக் கட்டடம். கீழே ஒரு கடை. அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தவர்கள், வாங்க வந்ததை மறந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள்!

சுவர் முழுவதும் சித்திரம். அண்ணாந்து பார்த்தால் கூரையிலும் சித்திரம். குனிந்தால் தரையிலும் பூவேலை. வெண்ணெய் நிறுத்துக் கொடுக்கும் மேடையைக்கூட விட்டுவைக்கவில்லை.

ராஜா கட்டிய மாளிகையா இது? இல்லை. பால் கடை!

ஜெர்மனி நாட்டில் டிரெஸ்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் நடுவே எல்ப் நதி ஓடுகிறது. நதியின் வடகரையில், பவுட்ஸ்னர் தெருவில், 79-ம் எண் கட்டடத்தில் இருக்கிறது ‘ஃபுண்ட்’ பால் கடை. “உலகத்திலேயே அழகான பால் கடை” என்று 1998-ல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது இதுதான்.

6 பசுக்களுடன் வந்தவர்

இவ்வளவு அலங்காரம் பால் கடைக்கு எதற்கு? அதற்கு ஒரு கதை உண்டு.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் டிரெஸ்டன் நகரம் மளமளவென்று பெருகியது. ஜனங்களுக்கு வேண்டிய பால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தது. பாத்திரத்துக்குச் சரியான மூடி கிடையாது. வழியெல்லாம் புழுதி. வடிகட்டுவதும் இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் அதில் என்னென்ன விழுந்ததோ, யார் கண்டது? குழந்தைக்குக் கொடுக்கிற பால் அல்லவா!

1879-ம் ஆண்டில் ஒரு விவசாயி தம் மனைவி மதில்டாவுடன் இந்த நகரத்துக்கு வந்தார். கையோடு 6 பசுக்களையும் ஓட்டி வந்தார். அவர் பெயர் பவுல் ஃபுண்ட். (‘பவுல்’ என்பதை ஆங்கிலேயர்கள் ‘பால்’ என்றுதான் சொல்வார்கள். பால்காரருக்குப் பொருத்தமான பெயர்!)

அடுத்த ஆண்டு அவர் ஒரு கடை திறந்தார. கடையை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. நடுவில் ஒரு ஜன்னல். பால் வாங்க வருகிறவர்கள் அந்த ஜன்னல் வழியாகப் பசுவைப் பார்க்கலாம். பால் கறப்பதையும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வாங்கிப் போகலாம்.

மாட்டை வாசலுக்கு ஓட்டி வரச் சொல்லி, எதிரில் நின்று கறந்து வாங்கிய நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தச் சூட்சுமம் உடனே புரியும். அங்கே மாடு வாசலுக்கு வரவில்லை. வாங்குகிறவர்கள் மாட்டிடம் போனார்கள்!

ஜன்னலுக்குப் பதில் சுவர்

நம்பிக்கை வந்தது. வியாபாரம் வளர்ந்தது. ஆரம்பத்தில் நாள் ஒன்றுக்குச் சுமார் 150 லிட்டர் பால்தான். 1930-களில் அது 60,000 லிட்டராகிவிட்டது! அவ்வளவு பாலையும் ஒரு ஜன்னல் வழியாகக் கறந்து காட்ட முடியுமா?

கறப்பதைக் காட்ட முடியாது. சுத்தத்தைக் காட்டலாம். 1891-ல் பவுட்ஸ்னர் தெருவில் உருவான புதிய கடை அப்படித்தான் ஆயிற்று. தரை, சுவர், கூரை எல்லாம் பீங்கான் ஓடுகள்.

பால் சிந்தினால் மண்ணும் மரமும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு புளித்த வாடை போகவே போகாது. பீங்கான் உறிஞ்சாது. ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். தொட்டால் சில்லென்றும் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வசதி! வெள்ளைப் பீங்கானில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் அழுக்கை மறைக்கவே முடியாது.

வெறும் வெள்ளையாக விட்டிருந்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்திருக்கும். ‘வில்லராய் அண்டு போக்’ என்ற புகழ்பெற்ற பீங்கான் கம்பெனியின் தொழிற்சாலை டிரெஸ்டனிலேயே இருந்தது. அங்கே ஓவியர்கள் ஓடுகளில் கையாலேயே படம் தீட்டினார்கள். பூங்கொடிகள், பறவைகள், பசுக்கள், கொழுகொழுவென்று குட்டித் தேவதைகள்! சுவரில் அந்தக் குழந்தைகள் சும்மா பறக்கவில்லை. பால் வேலையில் மும்முரமாக இருக்கிறார்கள்.

ஓடுகள் பதித்த பரப்பு மொத்தம் 248 சதுர மீட்டர். நம் கணக்கில் 2,600 சதுர அடிக்கு மேல். ஒரு கிரவுண்டு மனையையே மூடிவிடலாம்!

குண்டுக்குத் தப்பியது

1945-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி இரவு. இரண்டாவது உலகப் போர் முடியும் தறுவாய். பிரிட்டிஷ் விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டு மாரி பொழிந்தன. மறுநாள் அமெரிக்க விமானங்களும் வந்தன. நகரின் பழைய பகுதி எரிந்து சாம்பலாயிற்று. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். பெரிய பெரிய மாளிகைகளும் மாதா கோவிலும் இடிந்து விழுந்தன.

நதிக்கு இந்தப் பக்கம் பால் கடை பெரிய சேதம் இல்லாமல் நின்றது. கை பட்டாலே உடையும் என்று நினைக்கிற பீங்கான்!

குண்டுக்குத் தப்பிய கடை, கவனிப்பார் இல்லாமல் வாடியதுதான் பரிதாபம். போருக்குப் பின் டிரெஸ்டன், கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்தது. 1972-ல் கம்பெனி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1978-ல் கடையை மூடிவிட்டார்கள்.

1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்று சேர்ந்தன. அதற்குப் பிறகு ஓடுகளைப் பழுது பார்த்து, 1995-ல் கடையை மறுபடி திறந்தார்கள்.

இன்று பஸ் பஸ்ஸாக உல்லாசப் பயணிகள் வந்து இறங்குகிறார்கள். கடைக்குள் நகர இடம் இருப்பதில்லை. பாலாடைக்கட்டி வகை வகையாக அடுக்கி இருக்கிறது. பாலில் செய்த சோப்புகூட உண்டு. மாடியில் சிற்றுண்டிச்சாலை. கீழே மேடை அருகே நின்று, ஒரு கிளாஸ் பால் வாங்கிக் குடித்துக்கொண்டே ஜனங்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள்.