வைர மோதிரம் வாங்கும்போது

பண்டத்தரிப்பிலே ஒரு வீட்டிற் கலியாணப் பேச்சு முற்றாகிவிட்டால், அடுத்த பேச்சு பொன்னைப் பற்றியதாகவே இருக்கும். தாலிக்கொடி எத்தனை பவுண், பொன்னுருக்கு எந்நாள், எந்தப் பத்தரிடம் கொடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கூற வீட்டுக்கு வீடு ஒரு மூதாட்டி இருப்பார். நகையைக் கையில் ஏந்திய மாத்திரத்தில் அதன் நிறையைச் சொல்லக்கூடியவர்களும் அவர்களுள் உளர். ஆனால், எழுத்தன்று மாற்றும் மோதிரத்திலே வைரம் இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம் இப்பொழுது நம் கிராமங்களிலும் புகுந்துவிட்டது. பொன்னை அறிந்த கண் வைரத்தை அறிவதில்லை. ஆதலால் வீட்டுப் பெரியவர்களும் இவ்விடயத்திலே திகைத்து நிற்கின்றனர்.

பண்டத்தரிப்பில் உள்ள நம் உறவினர் வீடொன்றிலே இத்திகைப்பை நேரிற் கண்டோம். மாப்பிள்ளை கனடாவில் இருப்பவர். பெண்ணுக்கு அவர் வைர மோதிரம் அணிவிக்க விரும்புகின்றார் என்ற செய்தி வந்தது. அப்படியானால் மாப்பிள்ளைக்கு நாமும் வைர மோதிரமே போடவேண்டும், இல்லையேல் நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்று பெண்ணின் தந்தையார் துணிந்துவிட்டார். கையிலே பணம் போதாது. மனைவியின் நான்கு பவுண் சங்கிலியை விற்பதென்று முடிவாயிற்று. அதுவரை வாய் திறவாது பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா, “பொன்னெண்டால் எந்த நேரமும் காசு, தம்பி. உந்தக் கல்லை நாளைக்கு ஆர் வாங்குவினம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது வெறும் பழமை பேசும் கேள்வியன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மம்மாவும் இரண்டு சோடிக் காப்புகளை மடியில் முடிந்துகொண்டு நடந்தவர். அக்காப்புகள்தாம் அடுத்து வந்த மாதங்களில் அரிசியாகவும் மருந்தாகவும் மாறின. பவுண் என்றால் 8 கிராம். அதற்கு அன்றன்று ஒரு விலை உண்டு. அதனை எவரும் கேட்டறியலாம். வைரத்துக்கு அத்தகைய பொது விலை இல்லை. அடகு வைக்கும் இடங்களிலே கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே பணம் கொடுப்பது வழக்கம். வாங்கிய கடையிலேயே திரும்ப விற்கச் சென்றாலும் கொடுத்த பணத்திற் பெரும்பகுதியை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே வைரத்தைச் சேமிப்பு என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவர். அழகுக்காகவும் அன்புக்காகவும் வாங்குவோர், அதற்கென ஒதுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு புறப்படுதல் நன்று.

வைரம் தமிழருக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை, உலகச் சந்தைக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலே மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கூறும் இளங்கோவடிகள், நல்ல வைரத்தில் இருக்கக்கூடாத குற்றங்கள் நான்கினை எடுத்துரைக்கின்றார். காக்கைக்கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என அவற்றை இன்றைய வழக்கிற் கூறலாம். இக்காலத்து வல்லுநர் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஆடியைக் கண்ணிற் பொருத்திக்கொண்டு தேடுவதும் ஏறக்குறைய இவற்றையே. நம் பாட்டிமார் அணிந்த மூக்குத்தியும் வைரத்தோடும் இம்மரபின் வழி வந்தவை.

ஆனால் வைரத்தை நிச்சய மோதிரத்திற் பதிப்பது வேறு மரபு. 1477 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு அளித்த மோதிரமே இதற்குப் பழைய சான்றாக அடிக்கடி காட்டப்படுகின்றது. சாதாரண மக்களும் வைர மோதிரமின்றி நிச்சயமில்லை என எண்ணத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1947 இல் டீ பியர்ஸ் கம்பனிக்காக ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனத்துப் பெண் எழுதிய, வைரம் என்றும் நிலைப்பது என்னும் பொருள்படும் வாசகம் இதற்குப் பெரிதும் உதவிற்று. பண்டத்தரிப்பு மோதிரம் மாற்றுதலை அறியாத ஊரன்று. போர்த்துக்கீசர் காலத்திலேயே கத்தோலிக்கத் தேவாலயம் இருந்த ஊர் அது. 1820 இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து தங்கிப் பணியாற்றியதும் அங்கேதான். எனினும் அங்கு நாம் கண்ட பழைய மோதிரங்களெல்லாம் வெறும் பொன் வளையங்களே. வைரம் வைக்காவிடில் குறை என்று சொல்லச் சாத்திரமும் இல்லை, ஊர் வழக்கமும் இல்லை.

இனி, வாங்குவதென்றே தீர்மானித்தவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கரட் என்னும் ஒரு சொல் இரண்டு பொருளில் வழங்குவதாற் குழப்பம் உண்டாகின்றது. பொன்னுக்குக் கரட் என்பது மாற்று: 22 கரட் என்றால் ஆயிரத்தில் ஏறக்குறைய 916 பங்கு தூய பொன். வைரத்துக்கோ அது நிறை: ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். வட்டமாகப் பட்டை தீட்டிய ஒரு கரட் வைரம் சுமார் 6.5 மில்லிமீற்றர் அகலமிருக்கும். அரைக் கரட் வைரம் 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பாதி நிறையுள்ள கல் பார்வைக்குப் பாதியாகத் தோன்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள். விலையோ பாதிக்கும் மிகக் குறைவு. முழு ஒரு கரட் வேண்டும் என்று பிடிவாதம் செய்யாமல் அதற்குச் சற்றுக் குறைந்ததை எடுத்தாற் பணம் மிஞ்சும். வித்தியாசத்தைச் சபையில் எவரும் அறியார்.

கல்லின் ஒளிக்கு முதற் காரணம் பட்டை தீட்டிய திறமே. மட்டமாகத் தீட்டிய பெரிய கல் மங்கிக் கிடக்க, நன்றாகத் தீட்டிய சிறிய கல் விளக்கொளியில் துள்ளும். கடையின் மின்விளக்குகள் எக்கல்லையும் மின்னச் செய்யும். ஆதலால் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திற் பாருங்கள். நிறத்தை டீ முதல் இஸட் வரையான எழுத்துகளாற் குறிப்பர். டீ என்பது முற்றும் நிறமற்றது. மஞ்சட் பொன்னிற் பதிக்கும் கல்லுக்கு உச்ச நிறம் தேடிப் பணம் இறைப்பது வீண். பொன்னின் சாயலில் இலேசான மஞ்சள் மறைந்துவிடும்.

நம்மவர் 22 கரட் பொன்னுக்குக் குறைந்ததைத் தொடவும் கூசுவர். அப்பொன் மென்மையானது, கல்லைப் பிடிக்கும் நகங்கள் நாளடைவில் நெகிழ்ந்து கல் விழுந்துவிடலாம். வைர மோதிரத்துக்கு 18 கரட் பொன்னே ஏற்றது. அடைத்துக் கட்டிய மோதிரத்தில் கல்லின் அடிப்புறமும் குறையும் மறைந்துவிடும் என்பதால், அடி திறந்த வேலையையே கேளுங்கள். மோதிரத்தை முழுதாக நிறுத்துப் பொன் விலை போடும்போது கல்லின் நிறை கழிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். கல்லுக்குத் தனி விலை, பொன்னுக்குத் தனி விலை, கூலிக்குத் தனி விலை என்று எழுதித் தரச் சொல்வதில் வெட்கமில்லை.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் நாட்டிலே வைரம் அகழப்படுவதில்லை. இரத்தினபுரியில் நீலம் முதலியன கிடைக்கின்றன. ஆயினும் மாத்தறைப் பகுதியின் நிறமற்ற சேர்க்கோன் கற்கள் ஒரு காலத்தில் மாத்தறை வைரம் என்ற பெயரில் உலகெங்கும் விலைப்பட்டன! இன்று மொய்சனைற்று என்னும் செயற்கைக் கல் உண்டு. கடைக்காரர் பேனை போன்ற கருவியாற் சூட்டைச் சோதிக்கும்போது அதுவும் வைரமென்றே காட்டக்கூடும். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரமோ போலியன்று, மெய்யான வைரமே. ஆனால் அதன் விலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக வீழ்ந்துள்ளது. அதனை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் வாங்குவதில் தவறில்லை. நிலத்தில் அகழ்ந்த வைரத்தின் விலைக்கு வாங்கினால்தான் நட்டம். வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஜீ.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனம் போன்றவற்றின் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கம் கல்லின் விளிம்பிற் பொறித்திருந்தால் அதனை ஆடியால் ஒப்பிட்டுக்கொள்க. ஐயம் இருப்பின், 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் கல்லைச் சோதிப்பிக்கலாம்.

மேலே சொன்ன வீட்டிலே நடந்ததைக் கூறாமல் விட்டால் வாசகர்கள் நம்மைக் கோபிப்பர். சங்கிலியை விற்பதற்கு முதல்நாள், பெண் தானே தொலைபேசியில் மாப்பிள்ளையைக் கேட்டுவிட்டாள். தாம் யந்திரங்களோடு வேலை செய்பவர் என்றும், தமக்குக் கல் வைத்த மோதிரம் உதவாது, சாதாரணப் பொன் மோதிரமே போதும் என்றும் அவர் கூறினாராம். அவளுக்குரிய மோதிரத்தை அவளே பார்த்து வாங்கட்டும் என்று பணமும் அனுப்பினார்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கு நாமும் உடன் சென்றோம். முதற் கடையிலே “வைர மோதிரம் 1” என்று மட்டும் எழுதிய துண்டைத் தந்தனர். கல்லின் நிறையைக் கேட்டபோது முகம் சுளித்தனர். வணங்கிவிட்டு வெளியேறினோம். மூன்றாவது கடையிற் சான்றிதழோடு கூடிய 0.30 கரட் கல் ஒன்று அமைந்தது. கனடாவின் குளிரில் விரல் சிறுக்கும் என்பதால் அளவைச் சற்று இறுக்கமாகவே எடுக்கச் செய்தோம்.

மாலையில் வீடு திரும்பியதும் அம்மம்மா மோதிரத்தை வாங்கி முற்றத்து வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டு, பேர்த்தியைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் வாசிப்பித்தார். மோதிரத்தைப் பேர்த்தியின் கையிற் கொடுத்துவிட்டு, கடதாசியை மட்டும் நாலாக மடித்துத் தகரப் பெட்டியிலே காணி உறுதிகளோடு வைத்துப் பூட்டினார்.