ஏரிக்கரைப் பூங்கா: எந்தப் பக்கம்?

உத்திரமேரூர்னு சொன்னாலே குடவோலைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) என்னை இழுத்தது வேறொரு கணக்கு. 30 குடும்புகளிலிருந்து 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முன்பே தோட்டமும் ஏரியும் பார்த்த, படிப்பிலும் வயதிலும் மூத்தவர்களுக்குத்தான் சம்வத்சர வாரியத்தில் இடம். தோட்டம் வேறு வேலை, ஏரி வேறு வேலை என்று அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர் ஏரியின் பழைய பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர்.

இன்றைக்கு ஊர் ஊராக ஏரியோரம் சின்னப் பூங்கா வருகிறது. நடைபாதை, நாலு பெஞ்சு, ஒரு ஊஞ்சல். நல்ல விஷயம்தான். ஆனால் அதை ஏரியின் எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பது முக்கியம்.

நம் ஏரி, குளம் மாதிரி நாலு பக்கமும் வெட்டினது கிடையாது. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை போல மண்கரை போட்டு, மழைநீரைத் தடுத்து நிறுத்துவது. கரையை ஒட்டி ஆழம், மதகும் அங்கேதான். எதிர்ப்பக்கம் போகப்போக தண்ணீர் முழங்கால், கணுக்கால் என்று குறைந்து, கடைசியில் புல்தரையாகிவிடும். அங்கே எல்லைக்கோடே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடம் தண்ணீர். சித்திரையில் மேய்ச்சல் நிலம்.

பார்க்கிறவர்களுக்கு அது "சும்மா கிடக்கிற இடம்". ஆனால் கொக்கு, மடையான், அரிவாள்மூக்கன் எல்லாம் இரை தேடுவது அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான். கோடையில் தண்ணீர் வற்றின பிறகு, ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடும். அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கிப் பூங்கா போட்டால் பறவைக்கு இரையும் போச்சு, முட்டையிட இடமும் போச்சு. ஏரியின் கொள்ளளவும் குறையும்.

இன்னொரு ஆசையும் உண்டு: வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கணும், பார்க்க அழகா இருக்கணும். ஏரி வற்றுவது நோய் இல்லைங்க. தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வற்றினால்தான் தூர் வாரவும் முடியும்.

பக்கத்து வேடந்தாங்கலைப் பாருங்கள். அதுவும் பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனாலேயே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லை.

அதனால் உங்க ஊரில் ஏரிப் பூங்கா வருதுன்னா மூணு கேள்வி கேளுங்கள். கரைக்கு வெளியே, ஊர்ப்பக்கமா வருதா? மதகுக்கும் கலங்கலுக்கும் வழி விட்டிருக்கா? வரத்துக்கால்வாய் திறந்திருக்கா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால், தாராளமாகப் போய் பெஞ்சில் உட்காரலாம்.