துண்டுச் சொல்லும் ஒட்டோவியமும்

புதிய பொருள் தோன்றும்போது அதற்குப் பெயர் வேண்டியதாகிறது. இருக்கும் சொல்லின் பொருளை விரிக்கலாம், பிறமொழிச் சொல்லைக் கடன் பெறலாம், புதுச்சொல் ஆக்கலாம். இம்மூன்றையும் மொழி பயில்வோர் அறிவர். வேறொரு வழியை ஓர் ஓவியரிடம் காண்கிறோம்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1887ஆம் ஆண்டு பிறந்த கர்ட் ஷ்விட்டர்ஸ், டிரெஸ்டன் கலைக்கழகத்தில் முறையாக ஓவியம் பயின்றவர். முதல் உலகப்போர் முடிந்தபின், வண்ணத்தோடு டிராம் பயணச்சீட்டு, செய்தித்தாள் நறுக்கு, மரத்துண்டு, கம்பி முதலியவற்றையும் பலகையில் ஒட்டியும் ஆணியடித்தும் படைக்கலானார். எல்லாம் உடைந்துபோன நாட்டில் உடைசல்களைக்கொண்டே புதியதை ஆக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1919ஆம் ஆண்டு பெர்லினின் ‘டெர் ஸ்டூர்ம்’ காட்சிக்கூடத்தில் அவற்றை வைக்க முற்பட்டபோது பெயர்ச் சிக்கல் எழுந்தது. அன்று வழங்கிய கலைப்பிரிவுப் பெயர்கள் எவையும் பொருந்தவில்லை.

விடை அவருடைய படைப்பிலேயே இருந்தது. வணிகத்தைக் குறிக்கும் ‘கொம்மெர்ட்ஸ்’ என்னும் சொல் இடம்பெற்ற வங்கி விளம்பரத்திலிருந்து, ‘மெர்ட்ஸ்’ என்ற பகுதியை மட்டும் நறுக்கி ஓர் ஓவியத்தில் ஒட்டியிருந்தார். அதனையே தம் புதிய படைப்புகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக்கினார்.

நன்னூல் பகுபதம், பகாப்பதம் எனச் சொற்களைப் பிரிக்கிறது. பகாப்பதத்தைத் துண்டித்தால் பொருள் கிட்டாது. ‘வணிகம்’ என்பதை வெட்டி ‘ணிகம்’ எனக் கொள்வதைப் போன்றதே ஷ்விட்டர்ஸின் செயல். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ணகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ஆதலின் ‘ணிகம்’ நம் செவிக்குச் சொல்லாகவே படாது. ‘மெர்ட்ஸ்’ அவ்வாறன்று. நெஞ்சைக் குறிக்கும் ‘ஹெர்ட்ஸ்’, வலியைக் குறிக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ ஆகியவற்றோடு அது இயைந்து ஒலிக்கிறது. பொருளற்றதாயினும் ஒலியமைப்பால் அது ஜெர்மன் சொல்லே. சொல்லாக்கத்தில் ஒலிமரபு எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இத்தகைய படைப்பின்கீழ் ‘கலப்பு ஊடகம்’ என எழுதுவது பிழையன்று. ஆனால், ‘ஊடகம்’ என்றதும் இன்று செய்தித்தாளும் தொலைக்காட்சியுமே நினைவுக்கு வருகின்றன. ‘கொலாஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஒட்டுதலைக் குறிப்பது. அதனை ‘ஒட்டோவியம்’ எனலாம். தமிழை ஒட்டுநிலை மொழி என்கிறோம். ‘மரங்களிலிருந்து’ என்பதில் மரம், கள், இல், இருந்து ஆகியவை ஒட்டி நின்றும் தனித்தனியே அடையாளம் காணத்தக்கன. ஒட்டோவியத்திலும் பயணச்சீட்டு பயணச்சீட்டாகவே தெரிகிறது. படத்தின் உறுப்பாகவும் அமைகிறது. ஆணியும் கம்பியும் சேர்ந்தவிடத்து, ‘பல்பொருள் அங்காடி’ என்னும் வழக்கை ஒட்டிப் ‘பல்பொருள் ஓவியம்’ என்பது பொருந்தும்.

‘மெர்ட்ஸ்’ என்ற துண்டைத் தாங்கிய அவ்வோவியத்தை 1937ஆம் ஆண்டு நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ என்று இழித்துக் காட்சிக்கு வைத்தது. பின்னர் அது காணாமற்போயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஷ்விட்டர்ஸ் நார்வேக்குப் புலம்பெயர்ந்திருந்தார். ஓவியம் அழிந்தும் பெயர் நிலைத்தது.

ஆகவே ஆசிரியர்களே, கண்காட்சிக்கு ஆயத்தமாகும் மாணவரிடம், எதனை எதன்மேல் எவ்வாறு சேர்த்தாய் என்று முதலில் தமிழில் கேளுங்கள். அவர் கூறும் விடையிலேயே அப்படைப்புக்குரிய பெயர் இருக்கக்கூடும். தம் கைவினையைத் தம் மொழியில் சொல்ல இயலாத நிலை நம் மாணவர்க்கு நேராதிருக்கட்டும்.